சாளரத்தில் தெரியும் முகம்: புலப்பெயர்வும் நாள்வாழ்வைப் பகிர்தலும் – கொச்சி யூதரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு மக்கள் குழு தான் வாழ்ந்த நிலத்தை விட்டு வேறு நிலத்தில் குடியேறும்போது அதன் அடையாளத்தில் எது தொடர்கிறது, எது அறுபடுகிறது என்னும் வினா மெய்யியலார் பலரும் எழுப்பிய வினாவாகும். முகநூல் 2004ஆம் ஆண்டிலும் வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும் தோன்றிய பின்னர் இவ்வினா புதியதொரு கோணத்தைப் பெற்றுள்ளது. பிரிந்து சென்றோரும் தங்கிவிட்டோரும் இன்று ஒருவர் மற்றவரின் சமையலறையை, குழந்தையை, திருநாள் விளக்கை நாள்தோறும் காண இயலுகிறது. இவ்வாறு காண்பது ஒருவரோடு ஒருவர் வாழ்வதாகுமா? ‘நாள்வாழ்வைப் பகிர்தல்’ என்று வழங்கப்படும் இச்செயலில் உண்மையில் எது பகிரப்படுகிறது? இவ்வினாக்களைக் கொச்சி யூதரின் வரலாற்றையும் யூதச் சமயச் சட்டத்தின் சில கூறுகளையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யூதர் வரலாறு இவ்வாய்வுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. எருசலேம் கோயில் கி.பி. 70இல் உரோமரால் அழிக்கப்பட்ட பின், பல நாடுகளில் சிதறி வாழ்ந்துகொண்டே ஒரே மக்களாக இருப்பது எவ்வாறு என்னும் சிக்கலை அச்சமூகம் தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்துள்ளது. அவ்வெண்ணத்தின் விளைவுகள் சட்ட விதிகளாகவும் வழக்கங்களாகவும் கடிதங்களாகவும் இன்றும் கிடைக்கின்றன.

1. கொச்சி யூதரும் புலப்பெயர்வும்

கேரளக் கடற்கரையில் யூதர் வாழ்ந்தமைக்குத் தக்க சான்றாக விளங்குவது, கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடாகும். முயிரிக்கோட்டிலிருந்து வழங்கப்பட்ட இச்செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. இதன் மொழியைத் தமிழ் என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவுக்குரிய உரிமையோடு 72 வீடுபேறுகளும் அவருக்கு அளிக்கப்பட்டதை அது குறிக்கிறது. மட்டாஞ்சேரியில் பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்த யூதர் அதனை எழுப்பினர். அவர்களுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்து வந்தோர் மலபார் யூதர் எனப்பட்டனர்.

இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றியபோது கொச்சி யூதர் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1953 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அந்நாட்டுக்குச் சென்றனர். யானைக்கால் நோய் பரவக்கூடும் என்னும் அச்சத்தால் அவர்களது வருகையை இஸ்ரேல் அதிகாரிகள் சில காலம் தாழ்த்தினர் என்பதும் அறியத்தக்கது. நெவாட்டிம், மெசிலாத் சியோன், தாவோஸ், கெபார் யுவால் முதலிய கூட்டுறவு வேளாண் ஊர்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். மழை மிகுந்த நாட்டில் வணிகமும் சிறுதொழிலும் செய்தோர் பலர், வறண்ட நிலத்தில் உழவராயினர்.

இப்புலப்பெயர்வு துன்புறுத்தலால் நேர்ந்ததன்று. இந்திய மண்ணில் தம் சமயத்துக்காகத் தாம் ஒடுக்கப்படவில்லை என்பதைக் கொச்சி யூதரே பலமுறை கூறியுள்ளனர். சமய வேட்கையும் பொருளியல் எதிர்பார்ப்பும் அவர்களை அழைத்துச் சென்றன. விரட்டப்பட்டவர் பின்னே விட்டுச் சென்றதற்குப் பொறுப்பாளர் ஆகார். தாமே விரும்பிச் சென்றவரின் நிலை அத்தகையதன்று. அவர் சென்றமையால் தங்கியவரின் வாழ்வில் ஒரு குறை நேர்கிறது எனின், அக்குறைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் அறவினா எழுகிறது.

2. பதின்மர் என்னும் எண்ணிக்கை

அக்குறை யாது என்பதை யூதச் சமயச் சட்டம் எண்ணிக்கையாலேயே சொல்லிவிடுகிறது. பொதுவழிபாட்டின் சில பகுதிகளை நிகழ்த்த வயதுவந்த பதின்மர் கூடியிருத்தல் வேண்டும். இக்கூட்டம் ‘மின்யான்’ எனப்படும். மரபுவழிப் பிரிவினர் ஆடவரை மட்டுமே இதில் எண்ணுவர். வேறு சில பிரிவினர் மகளிரையும் எண்ணுவர். இறந்த பெற்றோருக்காக மக்கள் பதினொரு மாதம் சொல்லும் ‘கதீஷ்’ என்னும் வேண்டுதலும் பதின்மர் இன்றிச் சொல்லப்படுவதில்லை. ஒன்பதின்மர் கற்றறிந்தோராயினும் போதாது. பத்தாமவர் எளியவராயினும் அவர் வந்தால் வழிபாடு நிகழும்.

மலபார் யூதர் சென்ற பின்னரும் பரதேசி யூதர் சில பத்தாண்டுகள் மட்டாஞ்சேரியில் தங்கியிருந்தனர். அவர்களும் ஒவ்வொருவராகப் புறப்பட, நாளடைவில் பதின்மர் கூடுவதே அரிதாயிற்று. சுற்றுலாவாக வந்த வெளிநாட்டு யூதரைக் கொண்டு எண்ணிக்கையை நிறைவு செய்யும் நிலை ஏற்பட்டது. 1568இல் எழுந்த கட்டடம் நின்றது, சீன நாட்டு நீலவெண் தளக்கற்களும் தொங்கு விளக்குகளும் இருந்தன, பத்தாமவர் இல்லை. புலப்பெயர்வு ஒரு சமூகத்தில் உண்டாக்கும் வெறுமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இங்கு ஒரு சட்ட விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. யோசேப்பு காரோ தொகுத்த ‘சுல்கான் ஆருக்’ என்னும் சட்டநூல் 1565இல் வெனிஸ் நகரில் வெளியாயிற்று. பதின்மரும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும் என்று விதிக்கும் அந்நூல், அதனை அடுத்து ஒரு விலக்கையும் கூறுகிறது. தொழுகைக்கூடத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர், இடையே சாளரம் இருந்து அதன் வழியே தம் முகத்தை உள்ளிருப்போருக்குக் காட்டுவாராயின், அவரும் பதின்மருள் ஒருவராக எண்ணப்படுவார். சாளரம் பல மாடி உயரத்தில் இருப்பினும் தடையில்லை. இவ்விதியைத் தம் நூலில் சேர்த்த காரோவும் புலம்பெயர்ந்தவரே. ஸ்பெயினிலிருந்து யூதர் 1492இல் வெளியேற்றப்பட்டபோது சிறுவராக இருந்த அவர், பல நாடுகளில் வாழ்ந்து இறுதியில் கலிலேயாவின் சபேத் நகரில் தங்கினார்.

சாளரத்தில் தெரியும் முகம் எண்ணப்படுமாயின் திரையில் தெரியும் முகம் எண்ணப்படலாகாதா? அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவினரது சட்டக்குழு 2001இலேயே இவ்வினாவுக்கு விடை கூறியது. பதின்மர் ஓரிடத்தில் கூடியிருப்பின், தொலைவில் உள்ளவர் இணையம் வழியே அவ்வழிபாட்டில் பங்கேற்கலாம். ஆயின் பதின்மர் என்னும் எண்ணிக்கையையே இணையத்தால் நிறைவு செய்தல் இயலாது என்பது அதன் முடிவு. கொரோனா பெருந்தொற்றுப் பரவிய 2020இல் அப்பிரிவின் அறிஞர் சிலர் நெருக்கடிக் காலத்துக்கென இவ்வரம்பைத் தளர்த்தினர். மரபுவழிப் பிரிவின் அறிஞர் பெரும்பாலோர் தளர்த்த உடன்படவில்லை. இவ்விரு தரப்பாரும் தொழில்நுட்பத்தை வெறுத்தோ விரும்பியோ வழக்காடவில்லை என்பது குறிக்கத்தக்கது. ‘உடன் இருத்தல்’ என்பதன் பொருள் யாது என்பதே அவர்கள் வழக்கு.

3. கடிதமும் உடன் வந்த பண்டமும்

தொலைவில் இருந்துகொண்டு நாள்வாழ்வைத் தெரிவித்தல் இன்று தோன்றிய வழக்கமன்று. எகிப்தின் பழைய கெய்ரோவில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் சேமிப்பறையில் கிடைத்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துத் துணுக்குகள் இதற்குச் சான்றாகும். இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை அழித்தல் ஆகாது என்னும் வழக்கத்தால், வேதப் படிகளோடு வணிகக் கணக்குகளும் குடும்பக் கடிதங்களும் அவ்வறையில் இடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கோய்டைன் என்னும் அறிஞர், இந்தியக் கடற்கரையோடு தொடர்புடைய வணிகரின் கடிதங்களைத் தனியே தொகுத்தார்.

அக்கடிதங்களால் அறியப்படுவோருள் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜூ. துனிசியாவின் மகதியா நகரைச் சேர்ந்த இவர், 1132ஐ ஒட்டிய காலம் முதல் 1149 வரை பெரும்பாலும் மேலைக் கடற்கரையில், மங்களூர்ப் பகுதியில் வாழ்ந்து வணிகம் செய்தார். ஏடனிலிருந்த அவருடைய கூட்டாளிகள் எழுதிய கடிதங்களில் மிளகு விலையும் கப்பல் சேதமும் மட்டுமே இல்லை. அவருடைய வீட்டுக்கென அனுப்பப்படும் தாள், சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றின் பட்டியலும் உண்டு. கடிதம் வந்த கப்பலிலேயே அப்பண்டங்களும் வந்தன. எழுதியவரின் கையிலிருந்து ஏதேனும் ஒன்று குறைந்து பெறுபவரின் கைக்குச் சேர்ந்தது.

இதனினும் சிறந்த சான்று 1149இல் பென் யிஜூ ஏடனிலிருந்து தம் உடன்பிறந்தாருக்கு எழுதிய கடிதமாகும். முந்தைய ஆண்டில் நார்மானியர் மகதியாவைக் கைப்பற்ற, அவருடைய உறவினர் வறுமையுற்றுச் சிசிலிக்குச் சென்றிருந்தனர். தாம் ஈட்டிய பொருள் தமக்கும் அவர்களுக்கும் அவர்கள் மக்களுக்கும் போதுமானது எனவும், அவர்கள் தம்மிடம் வரவேண்டும் எனவும் அவர் எழுதினார். பல ஆண்டுகள் பிரிந்திருந்த ஒருவர் தம் இருப்பைப் பங்கிட முன்வந்தார் என்பதே அக்கடிதத்தின் சாரமாகும். கடிதம் தொலைவிலிருந்து வந்ததால் அதன் அறப்பயன் குறைந்ததில்லை. எனவே நேரில் இராமையே குற்றம் என்று கூறிவிடுதல் பொருந்தாது.

4. பகிர்தல் என்னும் சொல்

இவ்விடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று சிக்கலைத் தெளிவாக்க உதவுகிறது. சமூக ஊடக வழக்கில் ஒன்றைப் பலர் காண இடுதலை இன்று ‘பகிர்தல்’ என்கிறோம். பகு, பகுதி, பங்கு ஆகியவற்றோடு உறவுடைய இச்சொல் பிரித்துக் கொடுத்தலைக் குறிப்பதாகும். பிரித்துக் கொடுப்பின் கொடுப்பவரிடம் உள்ளது குறையும். ஒருவர் உணவைப் பகிர்ந்தால் அவருக்கு ஒரு பிடி குறைகிறது. பகுத்துண்ணுதலை அறங்களுள் தலையாயதாகத் திருக்குறள் கொண்டதற்கு இக்குறைவை மனமுவந்து ஏற்பதே காரணம் எனலாம்.

படத்தை இடுபவருக்கு எதுவும் குறைவதில்லை; காண்பவர் எத்துணைப் பேராயினும் படம் அவ்வளவிலேயே இருக்கிறது. இச்செயலைச் சொல்லின் பழைய பொருளில் பகிர்தல் என்பதினும் ‘அறிவித்தல்’ என்பதே பொருந்தும். அறிவித்தலும் மதிப்புடையதே. நெவாட்டிமில் பிறந்த பேத்தி, பாட்டியின் மலையாளத்தைக் கேட்பதும் அப்பத்தின் பதத்தை அறிவதும் சிறிய பேறல்ல. எனினும் பாட்டிக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருப்பவர் யார் என்னும் வினாவுக்கு அறிவித்தல் விடையாகாது. நாள்வாழ்வு என்பது காட்சிகளின் தொகுதியாக மட்டும் அமைவதில்லை. நேரமும் உழைப்பும் சலிப்பும் அதில் உண்டு. இவை பங்கிடப்படும்போதே நாள்வாழ்வு பகிரப்பட்டதாகிறது.

காட்சிக்கும் வாழ்வுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை இரண்டு கட்டடங்கள் உணர்த்துகின்றன. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரவேலைப்பாடமைந்த உட்பகுதி எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி அமைக்கப்பட்டுள்ளது. அங்கு வருவோர் அதனைக் கண்டு வியக்கின்றனர். நெவாட்டிம் ஊரிலும் கேரளத்துப் பேழையுடன் ஒரு தொழுகைக்கூடம் உண்டு. அங்கு வருவோர் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துப் பத்தாமவருக்காகக் காத்திருப்பர். காக்கப்பட்ட பொருள் இரண்டிடத்தும் உண்டு. காத்திருத்தல் ஓரிடத்தில் மட்டுமே உண்டு.

5. படம் பிடிக்கப்படாத நாள்

யூத அடையாளத்தைச் சமூக ஊடகத்தில் காண முயல்வார்க்கு மற்றொரு தடையும் உண்டு. வெள்ளி மாலை கதிரவன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கிச் சனி இரவு விண்மீன் தோன்றும் வரை உள்ள ஓய்வுநாளில் 39 வகையான வேலைகள் விலக்கப்பட்டுள்ளன. எழுதுதலும் தீமூட்டுதலும் அவற்றுள் அடங்கும். மரபுவழி யூதர் அந்நாளில் கைப்பேசியைத் தொடுவதில்லை; படம் எடுப்பதுமில்லை. ஆகவே அவர்களது வாரத்தின் தலையாய நாள், குடும்பம் முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி அமரும் நாள், எவ்வூடகத்திலும் வருவதில்லை. வெள்ளி நண்பகலில் மாவு பிசையும் கைகளைக் காணலாம். அந்த அப்பம் பிட்கப்படும் பொழுதைக் காண இயலாது.

கொச்சியில் கதிரவன் மறையும்போது நெவாட்டிமில் இன்னும் பகலாக இருக்கும். அங்கிருந்து ஒருவர் அப்போது அனுப்பும் படத்தைக் கொச்சியில் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் உறவினர் சனி இரவுதான் பார்ப்பார். இந்த இடைவெளியில் இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒரே செயலைச் செய்கின்றனர் என்பதை இருவரும் அறிவர். பல நூற்றாண்டுகளாகச் சிதறி வாழ்ந்த சமூகத்தை இணைத்ததில் இத்தகைய அறிதலுக்குப் பெரும்பங்கு உண்டு. பிறர் காணாத நேரத்தில் ஒருவர் எதைக் கைவிடாது செய்கிறாரோ, அதனைக் காட்சியால் அளத்தல் இயலாது. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்காத யூதரும் பலர் உளர். அவர்களுக்கும் இக்கூற்று வேறு வகையில் பொருந்தும். அவரவர் வாழ்விலும் பிறருக்குக் காட்டப்படாத, ஆனால் பிறரோடு தம்மைப் பிணைக்கும் கடமைகள் இருத்தல் கூடும்.

6. அருகில் இருந்தும் எண்ணப்படாதோர்

இதுகாறும் கூறியவற்றால், நேரில் இருத்தலே உயர்ந்தது என்னும் எளிய முடிவுக்கு வருதல் பிழையாகும். பரதேசித் தொழுகைக்கூடத்தின் வரலாறே அதனை மறுக்கிறது. மெசுகராரிம் எனப்பட்ட, விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள், தலைமுறைகளாக அதே தெருவில் வாழ்ந்து அதே வழிபாட்டில் கலந்துகொண்டனர். எனினும் அவர்கள் புறக்கூடத்தில் அமர வைக்கப்பட்டனர். தோரா வாசிக்க அழைக்கப்படவில்லை. உடலால் அருகில் இருந்தும் அவர்கள் முழு உறுப்பினராகக் கருதப்படவில்லை. அவ்வகுப்பில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், காந்தியடிகளின் அறவழியைப் பின்பற்றித் தொழுகைக்கூடத்திலேயே சத்தியாகிரகம் செய்து இவ்வேற்றுமைகளை எதிர்த்தார். ‘யூதக் காந்தி’ எனப் பெயர் பெற்ற அவர், பிறர் இஸ்ரேல் செல்வதற்குத் துணை நின்றும் தாம் கொச்சியிலேயே தங்கி 1967இல் மறைந்தார்.

புதிய நாட்டிலும் இத்தகைய நிலை நேர்ந்தது. கொங்கணக் கரையிலிருந்து இஸ்ரேல் சென்ற பெனே இஸ்ரேல் பிரிவினர், பிற யூதரோடு மணவுறவு கொள்ளுமுன் தம் முன்னோர் வரலாற்றை மெய்ப்பிக்க வேண்டும் என 1960களின் தொடக்கத்தில் சமயத் தலைமை வற்புறுத்தியது. அவர்கள் போராடிய பின்னர் 1964இல் இஸ்ரேல் அரசு அவர்களை எல்லா வகையிலும் முழுமையான யூதர் என அறிவித்தது. தாம் யார் என்பதை ஒருவர் எத்துணைத் தெளிவாக அறிந்திருப்பினும், உடனிருப்போர் அவரை எண்ணும்வரை அவ்வடையாளம் குறைபட்டே நிற்கிறது.

இதன் மறுபுறத்தையும் மட்டாஞ்சேரி காட்டுகிறது. யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோகன், 2019இல் தம் 96ஆம் அகவையில் மறைந்தார். அவருடைய முதுமையில் உடனிருந்து கடையையும் கவனித்தவர் ஓர் இசுலாமிய நண்பர். சட்டப்படி அந்நண்பர் பதின்மருள் ஒருவராக எண்ணப்பட இயலாதவர். எனினும் நாள்வாழ்வைப் பகிர்தல் என்பதன் முழுப்பொருளும் அவரிடம் அமைந்திருந்தது. சாரா கோகன் தம் யூத நெறியைத் தம் இல்லத்தில் இறுதிவரை வாழ இயன்றதில் வேற்றுச் சமயத்தவர் ஒருவரின் உழைப்புக்கும் பங்கு உண்டு. 2024இல் குயினி ஹலேகுவாவும் மறைந்தார். அடையாளம் ஒருவருடைய இனத்தாரால் மட்டும் காக்கப்படுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

7. முகமும் படமும்

லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் 1906இல் பிறந்து பிரான்சில் குடியேறிய யூத மெய்யியலார் இம்மானுவேல் லெவினாஸ், 1961இல் வெளியான தம் ‘முழுமையும் முடிவிலியும்’ என்னும் நூலில் முகத்தைப் பற்றி ஆராய்ந்தார். மற்றவர் முகம் என்பது என் மனத்தில் நான் அவரைப் பற்றி வரைந்துகொண்ட உருவத்தை எப்போதும் மீறி நிற்பது. அது என்னை நோக்கிப் பேசுகிறது, என்னிடம் பொறுப்பைக் கோருகிறது என்பது அவர் கருத்தின் சுருக்கம். இவ்வகையில் நோக்கின் படம் முகமாகாது. படத்தைக் காண்பவர் விரும்பினால் நிறுத்தலாம், கடந்து செல்லலாம். முகம் மறுமொழியை எதிர்பார்த்து நிற்கிறது.

சாளர விதியை இக்கருத்தோடு இணைத்துப் பார்க்கையில் அதன் நுட்பம் விளங்குகிறது. சாளரத்தில் நிற்பவர் வெறுமனே காண்பவர் அல்லர். தம் முகத்தை உள்ளிருப்போருக்குக் காட்டுபவர். உள்ளிருப்போர் ஒன்பதின்மர் அவரை நம்பியே வழிபாட்டைத் தொடங்குகின்றனர். அவர் அகன்றால் எண்ணிக்கை குறையும். அக்குறையை ஒன்பதின்மரும் உணர்வர். தம் அகற்சி பிறருக்குக் குறையாகும் நிலையில் ஒருவர் தம்மை வைத்துக்கொள்வதே எண்ணப்படுதலின் பொருளாகும் என இவ்விதிக்கு விளக்கம் கூறலாம். சமூக ஊடகத்தில் ஓராயிரம் பேர் காணும் படத்தை ஒருவர் காணாது விட்டால் எவருக்கும் எதுவும் குறைவதில்லை. அவ்வூடகத்தின் எளிமையும் அதுவே. அதன் அறக்குறையும் அதுவே.

எனினும் ஊடகத்தின் வழியேயும் சாளரம் அமைதல் கூடும். நாள்தோறும் குறித்த வேளையில் முதியவர் ஒருவரை அழைத்துப் பேசும் உறவினர் ஒருநாள் அழைக்காவிடின் அம்முதியவர் கவலையுறுவார். அவ்வழைப்பு காட்சி என்னும் நிலையைக் கடந்து கடமையாகிவிட்டது. திரையில் தெரியினும் அங்கே ஒரு முகம் இருக்கிறது.

முடிவுரை

புலம்பெயர்ந்தோரும் தங்கியோரும் ஒரே சமூகமாக இருத்தலுக்குக் காணுதல் போதாது. அருகில் இருத்தலும் தனியே போதாது. மெசுகராரிம் அருகில் இருந்தும் எண்ணப்படவில்லை. பென் யிஜூ தொலைவில் இருந்தும் பங்கிட முன்வந்தார். இசுலாமிய நண்பர் எண்ணிக்கைக்குள் வாராமலே பகிர்ந்து வாழ்ந்தார். ஒருவர் இன்றியமையாதவராகத் தம்மை ஆக்கிக்கொள்வதும், பிறர் அவரை எண்ணுவதும் ஆகிய இரண்டும் கூடுமிடத்திலேயே சமூகம் அமைகிறது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.

தாமே விரும்பிச் சென்றவர் தங்கியவருக்குக் கடப்பாடுடையவரா என்னும் வினாவுக்கும் இதிலிருந்து விடை பெறலாம். சென்றமை குற்றமன்று, ஆயினும் சென்றதனால் பத்தாமிடம் ஒன்று வெறுமையாயிற்று என்பதை நினைவில் கொள்ளுதல் கடமையாகும். படங்களை இடுவதால் அவ்விடம் நிறையாது. அழைத்தால் மறுமொழி கூறுவதும், இருப்பதில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுப்பதும், இயன்றபோது நேரில் வந்து எண்ணிக்கையில் நிற்பதும் அதனை ஓரளவு நிறைவிக்கும். யோசேப்பு காரோ கூறும் மனிதர் சாளரத்தின் அருகே வந்து நின்றது வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. உள்ளே ஒருவர் குறைகிறார் என்பதை அவர் அறிந்திருந்தார்.